ஈரச்சீலைக்குள் ஒரு கதியால்

செல்வரட்ணத்திடமிருந்து ஒரு செய்தியைக் கறப்பது பல்லுப் பிடுங்குகிற வேலை. ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்த காலத்திலேயே அப்படித்தான். சீனி வந்துவிட்டதா என்று சனம் கேட்டால் "பாப்பம்" என்பார். சீனி மூட்டைகள் அவருடைய முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும். பதுக்குகிற மனிசர் என்று நினைக்கக்கூடாது. எல்லாருக்கும் பங்கிடுகிற நாள் வருமட்டும் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்பது அவருடைய நியாயம். ஒரு சொல்லை வெளியே விட்டால் அது யாரைப் போய் என்ன பாடு படுத்துமோ என்று பயந்து பயந்தே நாற்பது வயதைத் தாண்டியவர் அவர்.

கனடாவுக்கு வந்தபோது அந்தக் குணமும் விமானம் ஏறிக் கூடவே வந்துவிட்டது. ஸ்காபரோவில் மெத்தை செய்கிற ஃபக்ரறி ஒன்றில் வேலை பார்த்தார். 1995 கோடையில் அங்கே ஆட்களைக் குறைத்தபோது இவரையும் நிற்பாட்டிவிட்டார்கள். அதை மனைவி கிளடிஸுக்குச் சொன்னாரா என்றால் இல்லை. காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டு, மோலுக்குள் ஒரு வாங்கில் குந்தியிருந்து, கொண்டுபோன சோற்றைத் தின்றுவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். கிளடிஸ் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. முன்பு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போனது. இந்தமுறையும் பிரஷர் ஏறுகிறது, மனதுக்குக் கவலை கொடுக்காதீர்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். டொக்டர் சொல்லாவிட்டாலும் செல்வரட்ணம் சொல்லியிருக்கமாட்டார். டொக்டரும் சொன்ன பிறகு கேட்கவா வேண்டும்.

அப்படிப்பட்ட ஆளுக்கு ஏஜென்சிக்காரன் பிடித்துக் கொடுத்த அடுத்த வேலை, மண்ணுக்குள் மறைந்து கிடப்பதை வெளியே எடுக்கிற வேலை. பொருத்தம் பார்க்கத் தெரிந்த ஏஜென்சி. வீட்டில், வேலை மாறிவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

ஸ்ரௌவ்வில் என்கிற ஊருக்கு வடக்கே ஒரு பள்ளக் காணி. புதுவீடுகள் கட்டுவதற்காக அங்கே வாய்க்கால் வெட்டிய மெசின், கறுப்புச் சேற்றுக்குள்ளிருந்து நுனி கூராக்கிய தடிகளைக் கிளப்பிவிட்டது. வீடு கட்டுகிறவர்கள் பல்லை நெருமிக்கொண்டு நிற்க, பழையகாலத்துச் சாமான் தோண்டுகிறவர்கள் வந்து இறங்கினார்கள். அந்தச் சேறு வயல் சேறு இல்லை. இலையும் பாசியும் புல்லும் உக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஊறிப் படிந்த சேறு, பீற் என்று சொல்வார்கள். ஒருகாலம் அதில் ஓடை ஒன்று ஓடியதாம். மீனை மறிப்பதற்காக அந்தக் காலத்துச் சனம் தடிகளைக் கல்லுக் கோடரியால் சீவி ஓடைக்குக் குறுக்கே வரிசையாக இறுக்கியிருக்கிறது. வேலிக்கு நாட்டுகிற கதியாலின் பருமனும் நீளமும்தான். செல்வரட்ணம் கடைசிமட்டும் அவற்றைக் கதியால் என்றுதான் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மேற்பார்வை பார்த்தவள் லின்டா என்கிற வெள்ளைக்காரி. குரல் கொஞ்சம் தடிப்பு, மனம் நல்லது. தடிகள் யேசுநாதர் பிறப்பதற்கு முந்தியவை என்று அவள் சொன்னபோது செல்வரட்ணம் நம்பவில்லை. பச்சை மரம் மாதிரிக் கிடக்கிறதே என்றார். காற்றுப் படவில்லை, அதுதான் காரணம் என்றாள் லின்டா. காற்றுப் படாமல் ஈரத்துக்குள் கிடக்கிற எதுவும் உக்காது. ஆனால் பார்க்கிறபடி அது மரமும் இல்லை. உள்ளே சதையெல்லாம் கரைந்துபோய், தண்ணீர்தான் மரத்தின் உருவத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வற்றினால் வெடித்துச் சுருங்கிப்போகும், பிறகு கடவுளாலும் திருத்த ஏலாது.

அதனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. இரும்புக் கருவி கிட்டவும் வரக்கூடாது, கையாலும் மரக்கரண்டியாலும்தான் சேற்றை வழிக்கவேண்டும். தூக்குவதற்கு முன் தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருக்கவேண்டும். நனைத்த சீலை விரித்திருக்கவேண்டும். படம் பிடிக்கிறவரும், தடியின் மற்றத் தலைப்பைத் தாங்குகிறவரும் பக்கத்தில் நிற்கவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் தொடாதே, சேற்றிலேயே கிடக்கட்டும். லின்டா இதைக் காலையும் பின்னேரமும் மந்திரம் மாதிரிச் சொல்லுவாள்.

முதல் தடி வெளிப்பட்ட நாளை அவர் மறக்கவில்லை. சேறு விலகியதும் நேற்றுச் சீவிய பலகைபோல மஞ்சள் நிறம். கோடரி விழுந்த வெட்டு ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே மஞ்சள் மங்கி, மண்ணிறமாகி, கறுத்துப்போனது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. செல்வரட்ணம் சேற்றுக்கையோடு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய், வழக்கத்துக்கு மாறாகத் தானே வாய்திறந்து கிளடிஸுக்குச் சொன்னார்.

"அப்ப அந்த நிறத்தைப் பாத்தது நீங்கள் ஒராள்தான்," என்றாள் கிளடிஸ். "பிறகு வந்து பாக்கிறவைக்கு அது கறுப்புத் தடி."

"ஓம்."

"பாவமப்பா," என்றாள். தடியைச் சொன்னாளா மனிசரைச் சொன்னாளா என்று அவருக்கு விளங்கவில்லை.

ஒக்ரோபர் முடிவில், ஆமி முன்னேறி வருகிறதென்று, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் மழைக்குள் வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. கிளடிஸின் தகப்பன் அமிர்தநாதர் அந்தச் சனத்துக்குள் ஒருவர். தீவுப்பகுதியிலிருந்து ஏற்கெனவே ஒருமுறை இடம்பெயர்ந்து குருநகரில் வந்திருந்தவர், தனி மனிசர், நெஞ்சுச் சளிக்காரர். கிளடிஸ் போனுக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு செபமாலை சொன்னாள். செல்வரட்ணம் ரேடியோவின் வயரைக் கழற்றிவைத்துவிட்டு, பழுதாகிவிட்டது என்றார்.

நவம்பர் நடுப்பகுதியில் ஒருநாள் மத்தியானம். காற்று ஊசிமாதிரிக் குத்திக்கொண்டிருந்தது. செல்வரட்ணம் ஒரு கதியாலைச் சேற்றிலிருந்து விடுவித்துச் சீலையில் வைத்த நேரம், கந்தோராக வைத்திருந்த றெயிலருக்குள்ளிருந்து லின்டா கையைக் காட்டிக் கூப்பிட்டாள். போன். கூட நின்றவர் அந்தக் கிழமை காய்ச்சலென்று வரவில்லை. ஒரு நிமிடத்தில் வந்து சுற்றலாம் என்று நினைத்துக்கொண்டு போனார்.

"செல்வம், நான் வின்சன்ற். இருக்கிறியா நிக்கிறியா?"

வின்சன்ற், கிளடிஸின் பெரியப்பாவின் மகன். அஜக்ஸில் வீடு வாங்கிப் போயிருந்தவன்.

"நிக்கிறன். சொல்லு மச்சான்."

"இரு முதல்லை. சித்தப்பா மோசம் போயிட்டார்."

செல்வரட்ணம் கதிரை ஒன்றில் இருந்தார்.

"சாவகச்சேரியிலை ஒரு பள்ளிக்கூடத்திலையாம். மழையுக்கை நடந்தது நெஞ்சைப் பிடிச்சுப்போட்டுது. அங்கையே அடக்கம் பண்ணிப்போட்டினம். மாதத் துவக்கத்திலை நடந்தது, இப்பதான் கொழும்பாலை போன் வந்தது."

"கிளடிஸுக்கு?"

"அதுக்குத்தானே உன்ரை வேலைக்கு எடுத்தனான். வீட்டுக்கு எடுத்தால் அவளெல்லோ தூக்குவாள். என்ன செய்யிறது சொல்லு."

செல்வரட்ணம் கனநேரம் யோசிக்கவில்லை. அமிர்தநாதர் அவருக்கு மாமன் மட்டுமில்லை. தாய்தகப்பன் இல்லாத சங்கக்கடை மனேச்சருக்கு, ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த மனிசர். சேற்றுக்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை பிறக்கட்டும் மச்சான். இப்ப அவளுக்குத் தெரிஞ்சால் ரண்டு உயிரும் போயிடும்."

"எனக்கும் அதுதான் சரியாப் படுது," என்றான் வின்சன்ற்.

நம்முடைய சனத்துக்கு இது ஒன்றும் புதினமில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் நோயாளிக்கும் செத்தவீட்டுச் செய்தியை மறைப்பது அன்பென்றுதான் எல்லாரும் பழகியிருக்கிறோம். யார் மறைக்கிறார்கள் என்பதிலும் ஒரு போட்டி இருக்கும். ஆனால் மறைப்பதைச் செல்வரட்ணம் அளவுக்குத் திறமாகச் செய்யக்கூடியவர் ரொறன்ரோவில் வேறொருவர் இருந்திருக்கமாட்டார்.

போனை வைத்தபிறகும் அந்தக் கதிரையிலேயே இருந்துவிட்டு, றெயிலரை விட்டு வெளியே வந்தபோதுதான் கதியாலின் நினைவு வந்தது. அது கறுத்துக் கிடந்தது. குளிர்காற்று அதன் ஈரத்தை உறிஞ்சி, நுனியிலிருந்து நடுமட்டும் வெடிப்பு ஓடியிருந்தது. வெட்டு அடையாளமெல்லாம் சுருங்கிப்போயிற்று. லின்டா ஓடிவந்து பார்த்துவிட்டு, இத்தனை காலம் தப்பியிருந்ததை அரை மணித்தியாலத்தில் கொன்றுவிட்டாயே என்று கத்தினாள். என்ன நடந்தது என்று சொல்லியிருந்தால் அவள் வாயை மூடியிருப்பாள். செல்வரட்ணம் "சொறி, லின்டா" என்று மட்டும் சொன்னார். காற்றுப் பட்டால் இப்படித்தான் ஆகும் என்பதை அவர் அந்த வெடிப்பில் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து செய்தியை ஈரச்சீலையால் சுற்றுகிறமாதிரிச் சுற்றி மூடத் தொடங்கினார். அவர்கள் இருந்த பில்டிங்கில் தமிழ்க் குடும்பங்கள் பல. ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னார்: அமிர்தநாதர் போயிட்டார், கிளடிஸுக்குத் தெரியாது, வாய்தவறியும் விட்டுடாதேங்கோ. தெரியவேண்டிய ஒருத்தியைத் தவிர எல்லாருக்கும் தெரிந்தது. லிஃப்ற்றுக்குள் கிளடிஸ் ஏறினால் கதை நின்றுபோகும். அவளுடைய வயிற்றைப் பார்த்து அளவுக்குமிஞ்சி விசாரிப்பார்கள். வீட்டுப் போனைத் தானே தூக்குவார், வேலைக்குப் போகும்போது அதன் மணிச்சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போவார். அப்பாவைப் பற்றிக் கேட்டால், சாவகச்சேரியில் சுகமாக இருக்கிறாராம், போன்தான் இல்லையாம் என்பார். பொய் அவருடைய வாயில் அவ்வளவு இலகுவாக வந்தது அவருக்கே ஆச்சரியம்.

செத்தவீடு அஜக்ஸில் நடந்தது. வின்சன்ற் வீட்டின் யன்னல் சீலைகளை இழுத்து மூடிவிட்டு, அமிர்தநாதரின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, சொந்தக்காரர் எல்லாரும் கூடினார்கள். வின்சன்றின் மனைவி அருள்மலர் ஒப்பாரி வைத்து அழுதாள். செல்வரட்ணம் ஓவர்ரைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து அங்கே அழுதார். சாதாரண அழுகை இல்லை. பிள்ளை அழுகிற மாதிரி, மூக்குச் சளி வழிய, வின்சன்றின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமன் செத்தது, மழைக்குள் நடந்தது, யாருமில்லாமல் புதைத்தது, பொய் சொல்லிக்கொண்டிருப்பது, எல்லாத்துக்கும் சேர்த்து அழுதார். திரும்பும் வழியில் காஸ் ஸ்ரேசனில் நிறுத்தி முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இரண்டு மூன்று சனிக்கிழமை இப்படிப் போய்வந்தார். பிறகு பிறகு அழுகை குறைந்து, கடைசியில் தேத்தண்ணியும் கதையுமாக முடிந்தது.

பனியில் நிலம் இறுகுவதற்கு முன் கதியால்களைத் திரும்பப் புதைக்கும்படி உத்தரவு வந்தது. அவ்வளவு மரத்தையும் மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பாதுகாக்க ஒரு இடமும் இல்லை. வீடு கட்டுகிறவர்கள் அந்தப் பள்ளத்தை மட்டும் கட்டாமல் விடச் சம்மதித்துவிட்டார்கள். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றிச் சேற்றுக்குள் இறக்கி மூடினார்கள். வெடித்ததை மட்டும் இறக்கவில்லை. இனி அதை மூடியும் பிரயோசனமில்லை என்று ஒரு பெட்டிக்குள் போட்டுக் கொண்டுபோனார்கள். லின்டா கண்ணைத் துடைத்தபோது, இது நல்லதுதானே, பத்திரமாகக் கிடக்கும் என்றார் செல்வரட்ணம். பத்திரமாகக் கிடக்கிறதற்காகப் புதைக்கவில்லை, என்றைக்கோ ஒருநாள் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துகொண்டு ஆரோ வந்து தூக்குவார்கள் என்றுதான் புதைக்கிறோம் என்றாள் லின்டா. அவர் தலையாட்டினார். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

டிசம்பர் துவக்கத்தில் ஒரு ஞாயிறு முப்பத்தோராம் நாள் பூசை. தமிழ்ப் பூசையில் பெயர் வாசிப்பார்கள், கிளடிஸ் முன்வாங்கில் இருப்பாள் என்பதால், அஜக்ஸில் இங்கிலிஷ் கோயிலில் ஒப்புக்கொடுப்பது என்று முடிவானது. அதே ஞாயிற்றுக்கிழமை கிளடிஸும் ஸ்காபரோ தமிழ்ப் பூசைக்கு ஒரு மன்றாட்டுக் கருத்துக் கொடுத்துவிட்டாள்: அப்பா அமிர்தநாதரின் உடல் சுகத்துக்காக. செல்வரட்ணத்துக்கு அது கோயில் வாசலில்தான் தெரியவந்தது. ஓடிப்போய் சுவாமியாரின் காதில் விசயத்தைச் சொன்னார். சுவாமியார் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டுப் பீடத்துக்குப் போனார்.

பெயர்கள் வாசித்துக்கொண்டு வந்த சுவாமியாரின் குரல் ஒரு இடத்தில் தடக்கியது. "அமிர்தநாதருக்காக மன்றாடுவோம்," என்றார். எதற்காக என்று சொல்லவில்லை. உயிரோடிருப்பவருக்கும் பொருந்தும், செத்தவருக்கும் பொருந்தும். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் சொன்னபோது கிளடிஸின் குரல்தான் உரத்துக் கேட்டது. செல்வரட்ணம் மண்டியிடுகிற பலகையில் விழுந்தமாதிரி முழங்காலை ஊன்றினார். வெளியே வந்ததும் கிளடிஸ் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "இனி அப்பாவுக்கு ஒண்டும் நடவாது."

நத்தாருக்கு வின்சன்ற் வீட்டுக்குப் போனார்கள். படம் இருந்த இடத்தில் கிறிஸ்மஸ் மரம் நின்றது. கிளடிஸ் பெரிய வயிற்றோடு நடுவில் இருந்து, தகப்பன் சொல்லிக்கொடுத்த மாதாப் பாட்டைப் படித்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அருள்மலர் குசினிக்குள் போய்விட்டாள்.

ஜனவரியில் ஆண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். செல்வரட்ணம் ஆஸ்பத்திரிக் கொரிடோரில் நின்று கடவுளுக்கு நன்றி சொன்னார். தான் செய்தது சரி என்று அவருக்கு இருந்த நிச்சயம் அந்த நேரம் வேறு எவருக்கும் இருந்திருக்காது.

"இனிச் சொல்லலாமே," என்றான் வின்சன்ற்.

"தையல் ஆறட்டும்."

தையல் ஆறியது. கவலையில் பால் வத்திப்போகும் என்றார். ஞானஸ்நானம் முடியட்டும் என்றார். மூடிய சேற்றைத் திரும்பத் தோண்டுகிற துணிவு மனிசருக்கு வரவில்லை. கடைசியில் அவரை யாரும் கேட்பதையே விட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் அது பழைய கதையாகிவிட்டது.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம். அவர் ஏஜென்சி பிடித்துக் கொடுத்த புது வேலையால் வந்தபோது கிளடிஸ் கட்டிலில் இருந்தாள். மடியில் பிள்ளை, பக்கத்தில் கசற் ரெக்கோடர். கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் அப்பாவுக்குக் கசற் கொடுத்துவிடப் போகிறாளாம்.

"அப்பா, உங்கடை பேரன் அழுறான் கேக்குதே? உங்கடை குரல்தான் அப்பா இவனுக்கு. இந்தக் குளிருக்கையும் கத்துறான்," என்று அவள் ரெக்கோடருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சளிக்கு மருந்தைக் குடியுங்கோ. மறந்துபோகாதேங்கோ. இவர் வந்திட்டார், நில்லுங்கோ குடுக்கிறன்." ரெக்கோடரை அவருடைய வாய்க்குக் கிட்ட நீட்டினாள். "இஞ்சேருங்கோ, அப்பாவோடை ஒரு வசனம் கதையுங்கோ."

கசற் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் பொய் சொன்ன வாய்க்கு அந்த ஒரு வசனம் வரவில்லை. செல்வரட்ணம் விரலை நீட்டி ரெக்கோடரை நிற்பாட்டினார்.

"கிளடிஸ், அப்பா இல்லை."

"எங்கை இல்லை? சாவகச்சேரியிலை இல்லையோ? வன்னிக்குப் போயிட்டாரோ?"

"மோசம் போயிட்டார்."

அவள் பிள்ளையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எப்ப?"

"நவம்பரிலை."

கிளடிஸ் அழவில்லை. நவம்பரிலிருந்து ஒவ்வொன்றாக நடந்துவருகிறாள் என்பது அவளுடைய முகத்தில் தெரிந்தது.

"பூசைக்குக் குடுத்தனே, சுகத்துக்கெண்டு."

"ஓம்."

"நத்தாருக்கு நான் பாட்டுப் படிக்கேக்கை, அங்கை இருந்த எல்லாருக்கும் தெரியுமோ?"

"ஓம்."

செல்வரட்ணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தொட்டி இல்லை, சீலை இல்லை, மற்றத் தலைப்பைத் தாங்க ஒருவரும் பக்கத்தில் இல்லை. லின்டா காலையும் பின்னேரமும் சொன்னதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் தூக்கிவிட்டார். யாரையாவது கூப்பிட்டு வைத்திருக்கவேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டு நின்றார்.

அவள் போனை எடுத்து அஜக்ஸுக்கு அடித்தாள். "மச்சாள், அப்பா..." என்று தொடங்கியதும்தான் குரல் உடைந்தது. மறுபக்கத்தில் ரீவிச் சத்தமும் பிள்ளைகள் சண்டைபிடிக்கிற சத்தமும் செல்வரட்ணத்துக்கே கேட்டது. அருள்மலர் நல்ல மனிசி. அன்றைக்கு ஒப்பாரி வைத்துத் தொண்டை கட்டியவள்.

"சொல்லிப்போட்டாரே? என்ன செய்யிறது பிள்ளை, அது முடிஞ்சு கனநாளாச்சு. பால் குடுக்கிறனீர், மனதைத் தேற்றிக்கொள்ளும். அடுப்பிலை கறி, நான் பிறகு எடுக்கிறன் என்ன."

கிளடிஸ் போனை வைத்தாள். இன்னும் யாருக்கு அடிக்கலாம் என்று யோசிப்பவள்போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பில்டிங் முழுக்கச் சொந்தக்காரரும் தெரிந்தவர்களும்தான். ஒரு கதவும் தட்டப்படவில்லை.

"நீங்கள் அழுதனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"எங்கை?"

"வின்சன்ற் வீட்டை. சனிக்கிழமையளிலை."

"கனக்க அழுதனீங்களோ?"

"ஓம்."

"எனக்கு அப்பா இப்பதான் செத்தவர்," என்றாள் கிளடிஸ். கண்ணிலிருந்து அப்போதுதான் வழியத் தொடங்கியது. "வாங்கோ. வந்து என்னோடை இருந்து அழுங்கோ."

செல்வரட்ணம் பக்கத்தில் போய் இருந்தார். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். மழைக்குள் நடந்த அமிர்தநாதரை நினைத்தார், பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையை நினைத்தார், ஒரு கேள்வியும் கேட்காமல் மகளைத் தந்த நாளை நினைத்தார். நெஞ்சுக்குள் எங்கேயும் ஈரம் கிளம்பவில்லை. அவருக்கு அதெல்லாம் அஜக்ஸிலேயே முடிந்துபோயிருந்தது. அவள் விம்மி விம்மி அழுதுகொண்டு ஒருதரம் தலையை நிமிர்த்தி அவருடைய முகத்தைப் பார்த்தாள். கையால் அவருடைய கன்னத்தைத் தடவியும் பார்த்தாள்.

"கொஞ்சமெண்டாலும் எனக்கெண்டு வைச்சிருக்கலாமே," என்றாள்.